நல்லுரையும் வாதமும்: பல்சமய அவையில் நம் மாணவர் அறிய வேண்டியவை

டூட்டிங் பகுதியில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, சமயங்கள் பல என்பது நூலிற் படித்து அறிய வேண்டிய செய்தியன்று. அப்பர் டூட்டிங் வீதியிலே முத்துமாரி அம்மன் ஆலயம் இருக்கின்றது. அதே வீதியிற் பள்ளிவாசலும் இருக்கின்றது. மிச்சம் வீதிக்குத் திரும்பினால் புனித பொனிபாஸ் கத்தோலிக்க தேவாலயம் உண்டு. அயலூராகிய விம்பிள்டனிலே கணபதி ஆலயமும் தாய்லாந்துப் பௌத்தரின் விகாரையும் அமைந்துள்ளன. வெள்ளிக்கிழமைகளிலே தொழுகைக்குச் செல்வோரும் அம்மன் பூசைக்குச் செல்வோரும் ஒரே நடைபாதையில் எதிர்ப்படுகின்றனர்.

இத்தகைய ஊர்களில், சமயத்தார் பலரும் ஒருங்கு கூடும் பொது மண்டபங்களிலே சிறப்புச் சொற்பொழிவுகளும் கூட்டு வழிபாடுகளும் நடைபெறுவது வழக்கம். ஒரு கூட்டத்திற்குச் சுவாமிகள் ஒருவர் விருந்தினராக வருவார். மறு கூட்டத்திற்கு ஒரு மௌலவியோ அருட்தந்தையோ வருவார். எம் மாணவரையும் தேவாரம் ஓதவும், கிறித்தவக் கீதம் பாடவும் அழைப்பர். பாடி முடிந்த பின்னர், அயற்சமயத்தவர் ஒருவர் அன்போடு அருகில் வந்து, “நீ பாடியதன் பொருள் என்ன?” என்று வினவுவார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார். இம்மௌனத்தை நீக்குவதற்குரிய பாடமாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். பிற சமயத்தாரின் உரையைக் கேட்கும் முறை யாது, நம் சமயத்தைப் பிறர்க்கு உரைக்கும் முறை யாது என்பவற்றை நம் முன்னோர் வாழ்விலிருந்தும் நாம் குடியேறிய இந்நகரின் வரலாற்றிலிருந்தும் இங்கு ஆராய்வோம்.

புகார் நகரத்து முரசு

மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதை விழாவறை காதை ஆகும். புகார் நகரில் இந்திர விழா நடைபெறப் போவதை வள்ளுவன் யானைமீதிருந்து முரசறைந்து அறிவிக்கின்றான். தெருக்களை அலங்கரியுங்கள், புதுமணல் பரப்புங்கள் என்று கூறி வருபவன், அறவுரை கூற வல்லாரையும் விழாவுக்கு அழைக்கின்றான். அவ்வழைப்பிலே இரண்டு இடங்கள் தனித்தனியே சொல்லப்படுகின்றன. நல்லுரை கூறுவோர் பந்தலுக்கும் பொது அம்பலத்திற்கும் வருக என்பது ஒன்று. தத்தம் சமயப் பொருளை நிறுவ விரும்பும் வாதிகள், அதற்குரிய முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்பது மற்றொன்று. பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாது விலகுக என்ற அறிவுரையும் உடன் வருகின்றது.

இதனை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நல்லுரை வேறு, வாதம் வேறு என்பதைப் பண்டைத் தமிழர் தெளிவாக அறிந்திருந்தனர். இரண்டும் வேண்டியவையே. ஆயினும் இரண்டிற்கும் ஒரே இடம் கொடுக்கப்படவில்லை. பந்தலில் இருப்பவன் வாதியைப் போலக் குறுக்கிட்டால் நல்லுரை கெடும். பட்டிமண்டபத்தில் இருப்பவன் வாய் திறவாதிருந்தால் வாதம் கெடும். இன்று பல்சமயக் கூட்டங்களில் எழும் மனக்கசப்புகளுட் பல, இவ்வேறுபாட்டை அறியாமையால் எழுவனவே.

அதே காப்பியத்தின் இருபத்தேழாவது காதையிலே மணிமேகலை வஞ்சி மாநகர் சேர்ந்து, அங்கிருந்த சமயவாதிகளை அடுத்தடுத்துச் சென்று காண்கின்றாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி முதலாகப் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். நூலாசிரியர் பௌத்தர். ஆதலால் நூலின் முடிவும் பௌத்தத்தின் பக்கமே நிற்கும். ஆயினும் அம்முடிவை அவள் கேட்ட பின்னரே அடைகின்றாள், கேளாமல் அடையவில்லை. இதுவே நாம் கொள்ள வேண்டிய பொருள்.

இந்நூலை 1898 ஆம் ஆண்டு அச்சிற் பதிப்பித்து உலகறியச் செய்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் சைவ மரபில் வந்தவர். பௌத்த சமயக் கருத்துகள் விளங்காதவிடத்து, அவற்றை அறிந்த ரங்காசாரியாரிடம் பலகாலும் கேட்டுத் தெளிந்தே பதிப்பை முடித்தார். தம் சமயத்தை விட்டகலாமலே பிற சமய நூலொன்றைக் காத்துத் தந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பிரசங்க மேடை

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நெடுங்காலமாக நிலவிய முறை புராணபடனம் ஆகும். ஒருவர் கந்தபுராணப் பாடலை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பயனை விரித்துரைப்பார். ஊரார் சுற்றியிருந்து கேட்பர். இது நூலைப் பின்பற்றிச் செல்லும் உரை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அவையோரை நோக்கி நேரே பேசும் பிரசங்கம் இதனின் வேறானது.

அப்பிரசங்க முறையைச் சைவக் கோயிலுக்குக் கொண்டுவந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய பணிக்குத் துணைநின்றவர். பாதிரிமாரின் பிரசங்கம் மக்கள் மனத்தைக் கவரும் முறையை அவர் அருகிருந்து கண்டார். 1847 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 31 ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத் தொடரைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

அக்காலம் பெரிதும் வாதத்தின் காலம். மிஷனரிமார் சைவத்தைக் கண்டித்து எழுதினர். நாவலர் சைவதூஷணபரிகாரம் முதலியவற்றால் மறுத்தெழுதினர். இரு திறத்தாரும் கடுஞ்சொற்களை வழங்கினர். எனினும் ஒரு திறத்தாரின் மேடை முறையை மறு திறத்தார் கற்றுக்கொண்டனர் என்பதும், அதனால் தமிழ் உரைநடை வளம்பெற்றது என்பதும் மறுக்கவியலாதன. இன்று நம் கோயில்களிலே விருந்தினராக வரும் சொற்பொழிவாளர் ஒலிவாங்கியின் முன்னே நின்று பேசும் முறைக்குப் பின்னால் இவ்வரலாறு இருக்கின்றது.

பின்னர் 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சிக்காகோ நகரிலே சர்வசமயப் பேரவை கூடிற்று. சுவாமி விவேகானந்தரும், இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலரும் அங்கு உரையாற்றினர். மேலைநாட்டிலிருந்து மீண்ட விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசினார். இவ்வாறு கடல்கடந்த மேடையும் உள்ளூர் மேடையும் இணைந்தன.

தம்மைப் பற்றித் தாமே சொல்லுதல்

இங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வாழ்விலிருந்து இரு செய்திகளைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

அவர் ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில், மத்தேயு நற்செய்திக்கும் யோவான் நற்செய்திக்கும் விளக்கவுரை செய்தார். அவை முறையே 1898 ஆம் ஆண்டிலும் 1902 ஆம் ஆண்டிலும் இலண்டனில் வெளிவந்தன. 1905 ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று பல மேடைகளில் உரையாற்றினார். யோகநெறியிற் பழகிய சைவர் ஒருவர், கிறித்தவரின் திருநூலை மதிப்போடு வாசித்து, தம் அனுபவத்தின் ஒளியிலே தாம் கண்ட பொருளைக் கிறித்தவ அவையினர்க்கு எடுத்துரைத்தார். இஃது ஒரு செய்தி.

அவரே 1885 ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையிலும், 1888 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். தமக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம் என முஸ்லிம்கள் கருதினர். ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907 ஆம் ஆண்டு அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். இது மற்றொரு செய்தி.

இரண்டிலும் பேசியவர் ஒருவரே, அறிவும் ஒன்றே. எனினும் முதலாவதில் அவர் தாம் கண்டதைச் சொன்னார். இரண்டாவதில், நீங்கள் இன்னார் என்று பிறர்க்குச் சொன்னார். ஒரு சமூகத்தாரை நோக்கி நீங்கள் யார் என்று மற்றொரு சமூகத்தார் தீர்ப்புக் கூறும்போது, அத்தீர்ப்பு எத்துணைக் கல்வியோடு வந்தாலும் மனம் புண்படும். அவரவர் தம்மைப் பற்றித் தாமே கூறக் கேட்டலே முறை. பல்சமய அவைக்குரிய முதல் விதியாக இதனைக் கொள்ளலாம்.

இலண்டன் கண்ட அவைகள்

இவ்விதியை இலண்டன் நகரம் கற்ற வரலாறும் அறியத்தக்கது. 1924 ஆம் ஆண்டு வெம்பிளியிலே பேரரசுக் கண்காட்சி நடைபெற்றபோது, அதனையொட்டிப் பேரரசின் சமயங்கள் பற்றிய மாநாடு ஒன்று இலண்டனில் செப்டெம்பர் 22 முதல் அக்டோபர் 3 வரை கூடிற்று. ஒவ்வொரு சமயத்தையும் அச்சமயத்தாரே எடுத்துரைக்க வேண்டும், பிற சமயத்தைத் தாக்கலாகாது என்பது அங்கு வகுத்த விதி. இது நன்று. ஆயினும் கிறித்தவமும் யூதமும் உரைநிரலிற் சேர்க்கப்படவில்லை. விருந்தினர் யாவரும் தம்மை விளக்கினர், வீட்டுக்காரர் தம்மை விளக்கவில்லை. ஓர் அவையிலே சிலர் மட்டும் விளக்குபவராகவும் சிலர் மட்டும் நோக்குபவராகவும் இருப்பின், அது சமமான அவை ஆகாது.

அம்மாநாட்டிற்கு வந்த விருந்தினருள் ஒருவர் அகமதியா சமூகத்தாரின் தலைவர் மிர்சா பஷீருத்தீன் மஹ்மூத் அஹ்மத். அவரது கட்டுரை மாநாட்டில் வாசிக்கப்பட்டது. அதே பயணத்தின்போது, அக்டோபர் 19 ஆம் நாள், டூட்டிங்கிற்கு அண்மையிலுள்ள சவுத்பீல்ட்ஸில் பள்ளிவாசல் ஒன்றிற்கு அவர் அடிக்கல் நாட்டினார். 1926 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த பஸ்ல் பள்ளிவாசலே, இலண்டனிற் பள்ளிவாசலாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதற் கட்டடம். பேச வந்த விருந்தினர், தம்மவர்க்கு ஒரு நிலையான இடத்திற்கும் வித்திட்டுச் சென்றார்.

1936 ஆம் ஆண்டு சூலையில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே உலக சமயங்களின் பேரவை கூடிற்று. கூட்டியவர் சேர் பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட். 1903-04 ஆம் ஆண்டுகளிலே படையோடு திபெத்திற்குட் புகுந்தவர் இவரே. பிற்காலத்தில் சமயங்களின் நட்புக்காக உழைத்தார். அப்பேரவையிலே திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும், யப்பானியப் பௌத்த அறிஞர் சுசுக்கியும் உரையாற்றினர். அவ்வமைப்பு இன்றும் இயங்கி வருகின்றது.

ஆயினும் இத்தகைய அமைப்புகள் தாமாகவே நிலைப்பன அல்ல. 1987 ஆம் ஆண்டு தொடங்கி இந்நாட்டிலே சமயங்களை இணைத்து வந்த தேசிய வலையமைப்பு, அரசின் நிதி நின்றமையால் 2024 ஆம் ஆண்டு மூடப்பட்டது. நாற்காலிகளை அடுக்கித் தேநீர் காய்ச்சிக் கூட்டம் நடத்துவோர் ஊர்தோறும் இருந்தாலன்றி, இவ்வவைகள் தொடர்வது அரிது. இதுவரை விருந்தினராக இருந்த நாம் இனி வீட்டுக்காரராகவும் இருத்தல் வேண்டும்.

அவை கலைந்த காலம்

கேட்கும் பண்பு அற்றுப்போனால் என்ன நிகழும் என்பதை நாம் வேற்று நாட்டு வரலாற்றில் தேட வேண்டியதில்லை.

1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் தம் வீடுவாசல்களை இழந்தனர். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்தோர்க்குக் கொடுக்கப்பட்டது சில மணி நேரமே. அவர்கள் பேசிய மொழி தமிழ். அவர்கள் பிள்ளைகள் படித்ததும் நாம் படித்த அதே தமிழ்ப் பாடநூல்களையே.

1995 ஆம் ஆண்டு சூலை 9 ஆம் நாள், நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மீது விமானப்படை குண்டு வீசியபோது, அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோரில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடம்பெயர்ந்து வந்தோர் எச்சமயத்தார் என்று பாராது இடங்கொடுத்த கோயில் அது.

இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது கல்வியாகாது. நமது இழப்பை இந்நாட்டவர் கேட்க வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். அவ்விருப்பம் நேர்மையானதாயின், வடபுலத்து முஸ்லிம் ஒருவர் விருந்தினராக வந்து தம் இழப்பைச் சொல்லும்போது, குறுக்கிடாது இறுதிவரை கேட்பதும் நம் கடன். அவ்வேளை மண்டபம் பட்டிமண்டபம் அன்று, பந்தல் என்பதை நினைவிற் கொள்க.

சொற்கள் தரும் சான்று

நம் மொழியே பல சமயத்தார் கூடியிருந்த அவை என்பதற்குச் சொற்கள் சான்று பகர்கின்றன. பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். பிள்ளைகள் கற்கும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்கின்றோம். முஸ்லிம்கள் தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் கோயில் என்றும், வழிபாட்டைப் பூசை என்றும் வழங்குவர். நோன்பு, பெருநாள் ஆகிய சொற்களும் பல சமயத்தார் வாயில் வழங்குவன. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அதற்கு உரை கண்ட சங்கரநமச்சிவாயரும், அவ்வுரையைத் திருத்திய சிவஞான முனிவரும், காண்டிகையுரை செய்த நாவலரும் சைவர்.

கேட்போர் வகை

அந்நன்னூல் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகின்றது. விருந்தினர் உரையைக் கேட்போர்க்கும் இது பொருந்தும்.

அன்னம் நீரைவிட்டுப் பாலைக் கொள்வது. பசு கிடைத்த புல்லை நிறைய மேய்ந்து, பின் ஓரிடத்திலிருந்து அசைபோடுவது. இவ்விரண்டும் போல்வார் முதல் மாணாக்கர். உழவன் செய்த அளவுக்கே விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததையே சொல்லும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம் வார்த்ததை எல்லாம் ஒழுகவிடும். ஆடு ஒரு செடியையும் நிறைய மேயாது செடிதோறும் தாவும். எருமை குளத்தைக் கலக்கிய பின்னரே நீர் குடிக்கும். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவை போல்வார் கடைமாணாக்கர்.

பல்சமய அவைக்கு மிகவும் ஊறு செய்வோர் நெய்யரி போல்வாரே. ஒரு மணி நேர உரையில் நல்லன எல்லாவற்றையும் நழுவவிட்டு, பேச்சாளர் தவறி உரைத்த ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டு செல்வர்.

மண்டபத்தில் ஒழுகும் முறை

1. விருந்தினரின் சமயம், வாழ்வு ஆகியவற்றை முன்னரே அறிந்துகொள்க. அழைப்பவர், பேச வேண்டிய பொருளையும் நேரத்தையும் விருந்தினர்க்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டும்.

2. உரிய மரியாதைச் சொல்லால் அழைக்க. சைவக் குருக்களைச் சிவஸ்ரீ என்றும், கத்தோலிக்கக் குருவை அருட்தந்தை என்றும், இஸ்லாமிய அறிஞரை மௌலவி என்றும், பௌத்தத் துறவியை வணக்கத்திற்குரிய தேரர் என்றும் அழைப்பது வழக்கம்.

3. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்குச் செல்லின் அவ்விடத்து முறையைப் பின்பற்றுக. பள்ளிவாசலிற் பாதணியைக் கழற்றுக. குருத்வாராவில் தலையை மூடிக்கொள்க. வழிபாட்டிற் கலந்துகொள்வதா அமைதியாக இருப்பதா என்பது அவரவர் மனச்சான்றுக்கு உரியது. எவரையும் வற்புறுத்தலாகாது.

4. உணவு பரிமாறுமிடத்து யார் எதனை உண்ணார் என்பதைக் கேட்டறிந்து செய்க. எல்லாரும் உண்ணத்தக்க மரக்கறி உணவு பெரும்பாலும் பொருந்தும்.

5. உரை முடிந்தபின் வினவுக. “இச்சொல்லின் பொருள் யாது?” என்பது விளக்க வினா. “உங்கள் வீட்டில் நோன்பு நாளை எவ்வாறு கழிப்பீர்கள்?” என்பது வாழ்வு வினா. “எங்கள் கொள்கையே சிறந்தது அல்லவா?” என்பது வாத வினா. முதலிரண்டும் பந்தலுக்கு உரியவை. மூன்றாவதைப் பட்டிமண்டபத்துக்கு விட்டுவைக்க.

6. நன்றியுரை கூறுவோர், விருந்தினர் சொன்னவற்றுள் ஒரு கருத்தையேனும் எடுத்துக் கூறி நன்றி சொல்லுதல் வேண்டும். கேட்டதற்கு அதுவே அடையாளம்.

ஈற்றில் பெற்றார்க்கு ஒரு வார்த்தை. தமிழ் படிப்பது பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. தாம் பாடும் தேவாரத்தின் பொருளை, தாம் சொல்லும் செபத்தின் பொருளை அறியாத பிள்ளை, பிறர் அவையிலே தன்னைப் பற்றித் தானே சொல்ல இயலாது நிற்கும். அப்போது பிறர் அப்பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவர். அவர்கள் சொல்வது புகழாயினும் பழியாயினும் அது அவர்கள் சொல்லே அன்றிப் பிள்ளையின் சொல் அன்று. பொருளறிந்து ஓதும் பிள்ளைக்கு இக்குறை நேராது. அதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரப் பாடசாலை போதாது. வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடமேனும் வேண்டும்.

அருஞ்சொற்கள்

அம்பலம் - பலர் கூடும் பொது இடம்
பட்டிமண்டபம் - வாதம் செய்யும் அவை
படனம் - வாசித்தல்
நெய்யரி - நெய் வடிக்கும் வலை
கசடு - அடியில் தங்கும் அழுக்கு
மனச்சான்று - நன்மை தீமை உணர்த்தும் உள்ளம்

பயிற்சி

1. புகார் நகரத்து முரசறைவோன் நல்லுரைக்கும் வாதத்திற்கும் வெவ்வேறு இடம் கூறியது ஏன்?

2. 1924 ஆம் ஆண்டு மாநாட்டின் விதியில் நீ ஏற்பது யாது? அம்மாநாட்டில் நீ காணும் குறை யாது?

3. நீ அறிந்த பாடல் அல்லது செபம் ஒன்றின் பொருளை, வேற்றுச் சமயத்து நண்பர் ஒருவர்க்குச் சொல்வது போல மூன்று வாக்கியங்களில் எழுதுக. பின்னர் அதனையே ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகுக.

4. உன் வகுப்பிலுள்ள பிற சமயத்து மாணவர் ஒருவரிடம் அவர் வீட்டுப் பண்டிகை ஒன்றைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதுக. எழுதியதை முதலில் அவரிடமே வாசித்துக் காட்டுக. அவர் சரியென்ற பின்னரே ஆசிரியரிடம் கொடுக்க.